சல்லடையில் தங்கிய மண்

கட்டைவிரலை நீட்டச் சொன்னதும் காளியாயி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆடி மாதத்து மழையில் நனைந்த கம்பளி அவள் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஈரப்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் மைப்பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற கண்டாக்கு செல்லசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. துரைக்கு அடுத்தபடி அந்தத் தோட்டத்தை ஆட்டிப்படைக்கிறவர் அவர். அவர் நீட்டு என்றால் விரல்கள் நீண்டுதான் பழக்கம்.

"எழுதினதை இன்னொருக்கா படிங்கய்யா," என்றாள் காளியாயி.

"அதான் படிச்சாச்சே."

"வெரல் என்னுதுங்களே. படிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். 'துரைசாணி அம்மாவின் மூன்று மரங்களை நான் வேண்டுமென்றே கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துத் தொடர்ந்து வேலை தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"மூணு மரம் செத்தது நெசம். என் கையால செத்ததும் நெசம். வேணுமின்னே கெடுத்தேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது பொய். பொய்யில வெரல் வைக்கமாட்டேன்."

விரல் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். பத்துச்சீட்டு. பேரை வெட்டி, இனி உனக்கு இங்கே வேலையில்லை என்று கையில் கொடுக்கிற காகிதம். பெண்டாட்டிக்குச் சீட்டு கொடுத்தால் புருஷனுக்கும் சேர்த்தே கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். இருவர் பேரும் போனால் குடியிருக்கிற லயத்து அறையான காம்பராவும் போகும், சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

சரி, விரல் வைத்துவிட்டால்? அன்றைக்குத் தப்பலாம். ஆனால் அந்தக் காகிதம் ஆபீஸ் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்றைக்காவது காளியாயி, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வாயைத் திறந்தால் அன்றைக்கு அலமாரியும் திறக்கும். செல்லசாமிக்கு வேண்டியது அதுதான். வைகாசியில் அடைமழைக்குள் பெண்களை மண் சுமக்கச் சொன்னபோது முதலில் கூடையைக் கீழே வைத்தவள் அவள். மற்ற இருபது கூடைகளும் அதற்குப் பிறகுதான் இறங்கின. அதை அவர் மறப்பாரா?

"நாளைக்குள்ள யோசி. உன் புருசன்கிட்டயும் கேளு," என்று மைப்பெட்டியை மூடினார்.

"யோசிக்க ஒண்ணுமில்லைங்க," என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

இத்தனை கூத்துக்கும் காரணம் முழங்கை உயர மரங்கள் பன்னிரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷத் தொடக்கத்தில் புதுத் துரை வந்தபோது, அவருடைய மனைவியான துரைசாணி அவற்றைப் பெட்டிக்குள் வைக்கோல் கட்டிக் கப்பலில் கொண்டுவந்திருந்தாள். அந்த அம்மாள் சின்ன வயதில் ஜப்பானில் வளர்ந்தவளாம். சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் ஆழம் கூடிய சட்டிகள்; அவற்றில் மலையுச்சி மரங்களைப் போலவே முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள். ஒன்றுக்கு அறுபது வயது என்றாள். 'போன்சாய்' என்று பேர் சொன்னாள். லயத்தில் எல்லாரும் தட்டு மரம் என்றே சொன்னார்கள்.

பங்களாத் தோட்டக்காரன் நல்லமுத்து அவற்றைத் தொடமாட்டேன் என்று நழுவிவிட்டான். நுவரெலியாக் கண்காட்சியில் முந்தைய துரைசாணிக்கு ரோஜாவுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தவன் அவன். வாங்கிய பேரைத் தட்டு மரத்தில் தொலைக்க அவனுக்கென்ன தலையெழுத்தா? "மண்ணு விசயம்னா தவறணையில காளியாயி இருக்காளுங்களே," என்று கைகாட்டிவிட்டான். செல்லசாமியும் ஆமாம் போட்டார்.

பொய் சொல்லவில்லை அவன். தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கிற பந்தல். பதினாலு வருஷமாக அந்தப் பந்தலுக்கு மண் பார்த்துக் கொடுத்தவள் காளியாயி. ஒரு பிடி அள்ளி அழுத்தி, விரலை விரிக்கும்போது அது எப்படி உடைகிறது என்று பார்ப்பாள். பிறகு ஒரு சிட்டிகையை நாக்கு நுனியில் வைத்துத் துப்புவாள். லேசாகப் புளித்தால் தேயிலைக்கு ஆகும். உவர்த்தால் யாரோ அடுப்புச் சாம்பல் கொட்டிய மண், கன்றைக் கொன்றுவிடும். அவள் ஆகாது என்று சொன்ன இடத்தில் கண்டாக்கே மண் எடுக்கச் சொல்லமாட்டார்.

அந்தப் பெருமையோடுதான் பங்களாவுக்குப் போனாள். முதலில் ஊசியிலை மரங்கள் மூன்றைச் சட்டி மாற்றச் சொன்னாள் துரைசாணி. தன் கைக்குத் தெரிந்ததைக் குறைவில்லாமல் செய்தாள் காளியாயி. மானாப்புல் மேட்டிலிருந்து மண் எடுத்து மூன்று தடவை சலித்தாள். கல்லையும் கட்டியையும் கொட்டிவிட்டு, கீழே விழுந்த மாவு மண்ணை மட்டும் அள்ளி நிரப்பினாள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது: சலித்தால் கீழே விழுவது நமக்கு, மேலே தங்குவது குப்பைக்கு. ஆனி மழை ஒரு மாதம் விடாமல் கொட்டியது. மூன்று மரங்களும் பழுப்பேறி, ஊசி உதிர்ந்து, செத்துப்போயின.

ஆபீஸ் படியிறங்கிய காளியாயி நேரே லயத்துக்குப் போகவில்லை. பங்களாவின் பின்புறக் குப்பைக் குழிக்குப் போனாள். செத்த மரங்கள் மூன்றும் சட்டியின் வடிவம் மாறாத மண்ணோடு அங்கே கிடந்தன. ஒன்றை எடுத்து உடைத்தாள். மேல்மண் பரவாயில்லை. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண் களியாக இறுகிக் கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் வந்தது. சாக்கடை நாற்றம். வேரைத் தொட்டால் தோல் கறுப்பாக உருவிக்கொண்டு வந்தது.

குழிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். அடிப்பாவி, நானேதான் மூச்சை அடைத்திருக்கிறேன் என்று தோன்றியது. கன்றுக் கூடை ஆழமானது, தண்ணீர் கீழே கீழே இறங்கிப் போக இடமுண்டு. நாலு விரல் ஆழச் சட்டியில் அது எங்கே இறங்கும்? மாவு மண் அதைக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அறுபது வருஷம் யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்த உயிர். அவளுக்கு அழுகை வந்தது. யார் திட்டினதற்கும் வராத அழுகை அது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு தவறணைக்குப் போனவள், பந்தலுக்குப் பின்னால் சலிப்புக் குப்பை மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பதினாலு வருஷமாக அவள் வீசியெறிந்த கல்லும் கட்டியும் வேர்த்துண்டும் அங்கே குவிந்து கிடந்தன. அதன் சரிவில், போன வருஷம் தேறாது என்று அவளே தூக்கிப்போட்ட தேயிலைக் கன்று ஒன்று நின்றது. தலைக்குமேல் பந்தல் இல்லை. ஆனி மழை முழுவதையும் அது அப்படியே வாங்கியிருக்கிறது. ஆனாலும் இலை பளபளவென்று இருந்தது. மெல்லப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற வேர், கல்லுக்குக் கல் தாவிப் பின்னிக்கொண்டு வந்தது.

அரை மணி நேரத்தில் பங்களாவின் முன்வாசல் புல்தரையில் காளியாயி நின்றாள். தொழிலாளி முன்வாசலால் வரக்கூடாது. நல்லமுத்து ஓடிவந்து, "அடியே, பின்பக்கமா வா!" என்று கையைக் கையை ஆட்டினான். அவள் அசையவில்லை. மடியில் ஒரு பக்கம் செத்த வேர், மறுபக்கம் உயிருள்ள வேர்.

துரைசாணி வெளியே வந்தாள். தமிழ் அவளுக்குப் பாதிதான் வரும். காளியாயி இரண்டு வேரையும் புல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது நான் கொன்னதுங்கம்மா. இது நான் குப்பையில வீசினது. வீசினது பொழைச்சிருக்கு. ஏன்னு எனக்கு இப்ப தெரியும். காட்டுறேன், தவணை குடுங்க."

துரைசாணி முழந்தாளிட்டு உட்கார்ந்து கறுப்பு வேரை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் சுளித்தாள். வெள்ளை வேரை வெகுநேரம் பார்த்தாள். மரம் செத்ததில் அவளுக்குக் கோபம் இருந்ததுதான். ஆனால் ஏன் செத்தது என்று தெரிந்துகொள்கிற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. மீதி ஒன்பது மரமும் பழைய மண்ணில்தான் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

"என் மரம் குடுக்கமாட்டேன். வேற மரத்தில காட்டு," என்றாள்.

"உங்க மரம் வேணாம். ஏழாம் நம்பர் மலையில பழைய தேயிலையைப் பேர்த்துக்கிட்டிருக்காங்க. அந்தக் கட்டைங்க போதும்."

துரைக்கு விஷயம் போயிற்று. மனைவியின் முகத்துக்காகவும், காட்டுத்தனமான அந்தப் பந்தயம் வேடிக்கையாக இருந்ததற்காகவும், ஐப்பசி மழை பிடிக்கும்வரை தவணை கொடுத்தார். அதுவரை காகிதம் மேசைமேல் இருக்கும். தோற்றால் அன்றைக்கே இருவருக்கும் சீட்டு.

காளியாயியின் புருஷன் மாயாண்டி கவ்வாத்துக்காரன். தேயிலை ஓங்கி வளரக்கூடிய மரம். அதை இடுப்பு உயரத்துக்குமேல் விடாமல் வருஷக்கணக்காக வெட்டி நிறுத்துவதுதான் கவ்வாத்து. சாதுவான ஆள். கத்தியைத் தவிர வேறெதையும் ஓங்காதவன். விஷயத்தைக் கேட்டதும் சோற்றில் கைவைத்தபடியே இருந்துவிட்டான்.

"ஒரு வெரலு. ஒரு சொட்டு மை. அதுக்கு இம்புட்டா?"

"மை அழிஞ்சிரும். எழுத்து அழியாதுல்ல?"

"காம்பராவை விட்டு எறங்கினா எங்கிட்டுப் போறது? நமக்கு இந்த நாட்டிலயும் பேரில்ல, அந்த நாட்டிலயும் ஊரில்ல. நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?"

"பேரில்லாதவளுக்குப் பொய்க் குத்தம் மட்டும் என் பேர்ல எழுதுவாங்களா? கட்டை பேர்த்துத் தருவீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

பேர்த்துத் தந்தான். மனமில்லாமல்தான். ஆனாலும் கத்தி பிடித்த கை சும்மா இருக்குமா? ஒரே பருமனில், ஒரே உயரத்தில், ஆணிவேர் வெட்டிப் பக்கவேர் விட்ட எட்டுக் கட்டைகளைத் தேர்ந்து கொண்டுவந்து போட்டான். வருஷா வருஷம் வெட்டுப்பட்டு முட்டி முட்டியாகத் திரண்ட கட்டைகள். துரைசாணி அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். அவளுடைய கப்பல் மரங்களைவிட அவை கிழமாகத் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை காளியாயி ஹட்டன் டவுனுக்குப் போய், ஆணி, கம்பி விற்கும் இப்றாஹிம் நானா கடையில் சல்லடை வலை கேட்டாள்.

"என்னா கண்ணு வேணும்?" என்றார் நானா.

"ரெண்டு வேணும் நானா. ஒண்ணுல பயறு விழணும், கடலை விழக்கூடாது. இன்னொண்ணுல குரக்கன் விழணும், நெல்லு விழக்கூடாது."

"மளிகைக் கடை வைக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே எலிப்பொறி வலையில் மிச்சம் கிடந்த துண்டும், கொசுவலைக் கம்பித் துண்டும் எடுத்துக் கொடுத்தார்.

நான்கு மண்ணெண்ணெய்த் தகரங்களை நீளவாக்கில் பிளந்து, நாலு விரல் ஆழத்துக்குக் குறைத்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு எட்டுத் தட்டு ஆக்கினாள். பங்களாவின் பின்னால், கூரையே இல்லாத வெட்டவெளியில் வரிசையாக வைத்தாள். முதல் இரண்டில் மரத்தைக் கொன்ற அதே மாவு மண்.

"அதை ஏன் வைக்கிறே? அது கொன்னுருச்சுன்னுதான் தெரியுமே," என்றான் நல்லமுத்து.

"எனக்குத் தெரியும். தொரை கண்ணால பாக்கணும்ல. என் தப்பையும் வெளிச்சத்தில வச்சாத்தான் மத்தது நெசமாகும்."

அடுத்த இரண்டுக்கு நல்லமுத்துவே மண் கொடுத்தான்: அவனுடைய ரோஜாவுக்குப் பரிசு வாங்கிய கறுப்பு மண், மக்கிய சாணத்தோடு. அதற்கடுத்த இரண்டுக்குத் துரைசாணி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர்க் கோப்பையால் அளந்து கலந்தாள்: தோட்டத்து மண் ஒன்று, மணல் ஒன்று, இலை மக்கு ஒன்று. கடைசி இரண்டுதான் காளியாயியுடையவை. பழைய பங்களாவின் இடிந்த புகைக்கூண்டுச் செங்கல்லை இடித்தாள். ரோட்டோரத் தண்ணீர் ஓடும் கானில் ஒதுங்கிய வெள்ளை வெங்கச்சங்கல்லை அள்ளினாள். கொழுந்தைத் தூளாக்கும் ஸ்டோரின் அடுப்பிலிருந்து கரி பொறுக்கி, சாம்பல் உவர்ப்பு நாக்கில் படாமல் போகும்வரை ஏழு தண்ணீரில் அலசினாள். எல்லாவற்றையும் பெரிய கண் வலையில் சலித்து, பிறகு சின்னக் கண் வலையில் சலித்து, கீழே விழுந்த தூளை வீசிவிட்டு, சின்ன வலையில் தங்கியதை எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு தட்டை அப்படியே வெறும் கல்லாக விட்டாள். இன்னொன்றில், எட்டாவது தகரத்தில், பன்னை என்கிற பெரணிச் செடியின் மக்கிய வேரைக் கடலையளவு நறுக்கிக் கலந்தாள். எது சரி என்று அவளுக்கே தெரியாது.

"கல்லுக்குள்ள மரம் நடுறா பாரு. அடுத்து இட்லிக்குக் கல்லு ஊறப்போடுவா," என்று செல்லசாமி சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள், பாதி பேர் அவருக்குப் பயந்து.

கட்டைகளைச் சணல் கயிற்றால் தகரத்தோடு இழுத்துக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டு நிற்கிறவரை எண்ணினாள். அவளுடைய தட்டுகளில் பத்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. கறுப்பு மண்ணில் இருநூறு தாண்டியும் சொட்டியது. மாவு மண்ணில் எண்ணுவதையே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், மதியம் வந்து பார்த்தபோதும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் அடி அவளுக்குத்தான். ஐந்தாவது வாரம் நல்லமுத்துவின் கட்டைகள் இரண்டும் துளிர்த்துவிட்டன. சிவப்புச் சிவப்பாகக் கொழுந்து. புத்தக மண்ணிலும் இரண்டொரு அரும்பு கண்டது. காளியாயியின் இரண்டும் செத்த விறகாக நின்றன. நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு ஆவணியில் மழை ஒரு வாரம் ஓய்ந்து வறண்ட காற்று அடித்தது. வெறும் கல்லில் நின்ற கட்டையின் தோல் சுருங்கி வெடித்துவிட்டது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சையே இல்லை.

செய்தி கிடைத்த அன்றே செல்லசாமி தவறணைக்கு வந்தார். "ஒண்ணு போச்சாமே. இன்னும் என்ன வீம்பு? மையெடுத்து வரட்டா?"

"போச்சுதாங்க. வெறுங்கல்லு தண்ணியைப் பிடிச்சு வைக்காதுன்னு கத்துக்கிட்டேன். இன்னொண்ணு இருக்கு."

"அதுவும் போனா?"

"போனா வெளியே போறேன். அப்பவும் வெரல் வைக்கமாட்டேன்."

வீட்டில் மாயாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது பங்களாப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். எட்டாவது தகரத்துக்கு முன்னால் குந்தி, கவ்வாத்துக் கத்தியின் நுனியால் கட்டையின் அடித்தோலை ஒரு மயிரளவு கீறிப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து, "உள்ளுக்குள்ள பச்சை இருக்கு," என்றான். காளியாயிக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் மழை திரும்பியது. பத்து நாள் கொட்டியதில் நல்லமுத்துவின் கொழுந்துகள் முதலில் தலை சாய்ந்தன, பிறகு கறுத்தன. சாணம் கலந்த மண் கஞ்சியாகி நாறியது. அவன் யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதை நிறுத்திக்கொண்டான். புத்தக மண்ணில் இருந்தவை சாகவில்லை, ஆனால் இலை மஞ்சளாகி நின்றுவிட்டன. மாவு மண்ணில் நின்றவை எப்போதோ செத்திருந்தன. அந்த மழைக்குள்தான் எட்டாவது தகரத்துக் கட்டையின் முட்டி ஒவ்வொன்றிலும் கடுகு கடுகாக அரும்பு கட்டியது. ஐப்பசி பிறக்கும்போது இருபத்தேழு துளிர். காளியாயி தினம் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

தவணை முடிந்த காலையில் எல்லாரும் பங்களாவின் பின்னால் கூடினார்கள். துரை தொப்பியோடு வந்தார். அவருக்கு ஸ்டோருக்குப் போகிற அவசரம். செல்லசாமி காகிதத்தை அட்டையில் வைத்துக்கொண்டு நின்றார். சீட்டு என்றால் இருவருக்கும் என்பதால் மாயாண்டியையும் மலையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கையில் கத்தியோடு ஒதுங்கி நின்றான்.

காளியாயி ஒவ்வொரு தகரமாகக் கவிழ்த்தாள். முதலில் தன் தப்பைக் கவிழ்த்தாள். களி, நாற்றம், கறுப்பு வேர். பிறகு நல்லமுத்துவின் கஞ்சி. பிறகு புத்தகத்தின் பாதி அழுகல். துரைசாணி குனிந்து குனிந்து பார்த்தாள். செத்துப்போன வெறுங்கல் தட்டையும் காளியாயி மறைக்கவில்லை, அதையும் கவிழ்த்தாள். கடைசியில் எட்டாவதைக் கயிறு அவிழ்த்துத் தூக்கினாள். செங்கல்லையும் கரியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேர் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது. ஒரு கல் கீழே விழவில்லை.

"ஓ!" என்றாள் துரைசாணி. அவள் கண் கலங்கியிருந்தது. "என் ஒன்பது மரமும் இதில போடணும். இன்னிக்கே. மழை வருது."

துரை சிரித்தார். அவருடைய தமிழ் மலையில் ஆட்களை விரட்டிக் கற்றது. "நல்லது காளியாயி. நீ கெட்டிக்காரி. சீட்டு கிடையாது. மன்னிச்சாச்சு. அந்தப் பேப்பர்ல வெரல் வெச்சிட்டு வேலைக்கி போ."

செல்லசாமி மைப்பெட்டியைத் திறந்தார். சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

"எந்தப் பேப்பர்லங்க?" என்றாள் காளியாயி.

"அதே பேப்பர்தான். ஆபீசுக்கு ஒரு பேப்பர் வேணும்ல? தொரைதான் மன்னிச்சிட்டாரே," என்றார் செல்லசாமி.

"நான் மன்னிப்புக் கேக்கலைங்களே. மூணு மாசமா இந்த மழைக்குள்ள குந்தி எண்ணினது வேலை கேட்டு இல்லைங்க. அதுல இருக்கிற ஒரு வார்த்தை பொய்யின்னு காட்டத்தான். காட்டிட்டேன். இப்ப அந்தப் பொய்யிலயே வெரல் வைக்கச் சொன்னா?"

துரையின் சிரிப்பு போய்விட்டது. "வெரல் வைக்கலைன்னா சீட்டு. உனக்கும், அவனுக்கும்."

செல்லசாமி மாயாண்டி பக்கம் திரும்பினார். "இந்தா மாயாண்டி, உன் பொண்டாட்டிக்கு நீயாவது புத்தி சொல்லு."

மாயாண்டி முன்னால் வந்தான். துரையை எதிர்த்து நிற்கலாம், கண்டாக்கை எதிர்த்து நிற்கலாம். இந்த மனுஷன் எல்லார் முன்னாலும் 'வச்சிடு புள்ள' என்று சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு அவளிடம் இல்லை.

மாயாண்டி கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துத் துரையின் காலடியில் வைத்தான். தோட்டத்துக் கத்தி, வேலை முடிந்து போகிறவன் ஒப்படைக்க வேண்டிய சாமான்.

"அவ சொல்றதுதான் சரிங்க. வேணுமின்னே கெடுக்கிறவ தன் தப்பை மொதல்ல கவுத்துக் காட்டமாட்டா. எனக்கும் சேத்தே எழுதிடுங்க," என்றான்.

காளியாயி கையிலிருந்த கட்டையைத் தரையில் மெல்ல வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க போவோம். சட்டி பானை எடுக்கணும்," என்று நடக்கத் தொடங்கினாள். மாயாண்டி பின்னாலேயே நடந்தான்.

"நில்லு!" என்றாள் துரைசாணி. பிறகு புருஷனிடம் திரும்பி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். தலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் ஒன்பது மரங்களும் மஞ்சளாக நின்றன. துரை நல்லமுத்துவைப் பார்த்தார். நல்லமுத்து, "என்னால ஆகாதுங்க தொரை, அது அவ கைதான்," என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். ரோஜாக்காரன் வாயிலிருந்து அப்படியொரு சொல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

துரை செல்லசாமியின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினார். பேனாவைத் திறந்து 'வேண்டுமென்றே' என்ற சொல்லின்மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். பிறகு முழுக் காகிதத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார்.

"படிங்க," என்றாள் காளியாயி, நின்ற இடத்திலிருந்தே.

செல்லசாமி அட்டையை வாங்கிப் படித்தார். தமிழில் சொன்னார். "மரங்கள் மண்ணால் செத்தன. தொழிலாளி மீது குற்றம் இல்லை."

"இன்னொருக்கா. இவுகளுக்குக் கேக்கலை."

கூட்டத்துக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை படித்தார். படித்துவிட்டு, பழக்கம் விடாமல் மைப்பெட்டியை அவள் பக்கம் நீட்டினார். "சரி, இப்பவாச்சும் வெரலை வை."

காளியாயி மைப்பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு துரையைப் பார்த்தாள்.

"நான் எதுக்குங்க வைக்கணும்? பொய்யா எழுதினதும் ஆபீசு, திருத்தினதும் ஆபீசு. தொரை கையெழுத்துப் போடட்டும்."

யாரோ ஒரு பெண் கூட்டத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துரை நெடுநேரம் காளியாயியையே பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. முதல் மழைத்துளி காகிதத்தில் விழுந்தது. துரை குனிந்து, தன் பேரை முழுதாக எழுதினார்.